புதுமுக மாணவரா, மாற்றல் மாணவரா? ஓர் அமெரிக்கக் கேள்வியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலே, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டிய ஆண்டில், ஒக்டோபர், நவம்பர் மாதங்களை அண்டி ஒரு கேள்வி எழுவதுண்டு. பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தின் வாசலிலேயே அக்கேள்வி நிற்கின்றது. விண்ணப்பதாரி புதுமுக மாணவரா, அல்லது வேறொரு கல்லூரியில் படித்துவிட்டு இடையிலே வந்து சேரும் மாற்றல் மாணவரா? வடக்கிலோ கிழக்கிலோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளுக்காகக் காத்திருந்த பெற்றோருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. பாடசாலையிலிருந்து நேரே வரும் பிள்ளை புதுமுக மாணவர் அல்லாமல் வேறு யார்?

சிக்கல் என்னவென்றால், அப்பிள்ளை பாடசாலையில் இருந்துகொண்டே கல்லூரியிலும் படித்திருக்கின்றது. இரட்டைப் பதிவு என்று இதனைத் தமிழிற் சொல்லலாம். பதினான்கு, பதினைந்து வயதில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியிற் பெயரைப் பதிந்து, ஒரு பாடம் இரண்டு பாடமாகக் கிரெடிட்களைச் சேர்த்து, பாடசாலையை விட்டு வெளியேறும் வேளையில் 60 கிரெடிட்களை, அதாவது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய அளவை, கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் அங்கே உள்ளனர். மே மாதத்தில் கல்லூரியின் ஈராண்டுப் பட்டத்தை வாங்கிவிட்டுச் சில வாரங்கள் கழித்துப் பாடசாலைச் சான்றிதழை வாங்குவோர் பற்றிய செய்திகள் அந்நாட்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வருகின்றன.

இவர்கள் எந்த வாசலால் நுழைய வேண்டும்? பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தரும் விடை ஒன்றுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி, எத்தனை கிரெடிட் சேர்த்திருந்தாலும், பாடசாலையை முடித்த பின்னர் ஒரு கல்லூரியின் வழமையான தவணையில் சேராதவரை அவர் புதுமுக மாணவரே. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் தன் மாநிலத்தின் இரட்டைப் பதிவு மாணவரை அவ்வாறே நடத்துகின்றது. எவ்வளவு படித்தார் என்பது இங்கே கணக்கில் இல்லை. பாடசாலையை விட்ட நாளுக்கு முன்னர் படித்தாரா பின்னர் படித்தாரா என்பதே கணக்கு. ஒரே கல்லூரி, ஒரே விரிவுரையாளர், ஒரே பாடம். ஜூன் மாதத்துக்கு முன்னர் படித்தால் ஒரு பெயர், செப்டெம்பரில் படித்தால் வேறொரு பெயர்.

பாடசாலை எங்கே முடிகின்றது, கல்லூரி எங்கே தொடங்குகின்றது என்ற எல்லைக்கோடு இயற்கையில் இருந்த ஒன்றன்று. அது வரையப்பட்ட கதையை அறிந்தாலன்றி இந்த விதி விளங்காது.

அதற்கு முன்னர் ஒரு சொல் விளக்கம் அவசியமாகின்றது. எமது நாட்டிலே கல்லூரி என்றால் பெரும்பாலும் பாடசாலைதான். பரியோவான் கல்லூரி, இந்துக் கல்லூரி என்று சொல்லும்போது ஆறாம் வகுப்புச் சிறுவனும் கல்லூரி மாணவனே. அமெரிக்காவில் அது பட்டப்படிப்பு நடைபெறும் இடம். இக்கட்டுரையில் அந்தப் பொருளிலேயே அச்சொல் வருகின்றது.

அமெரிக்காவின் பழைய கல்லூரிகளுக்கு வயதும் பெரிதல்ல, பாடசாலைச் சான்றிதழும் பெரிதல்ல. ஹாவார்டில் சேர வந்த பையனுக்கு இலத்தீனும் கிரேக்கமும் தெரியுமா என்று வாய்மொழியாகச் சோதித்தார்கள். தெரிந்தால் உள்ளே. பதினேழாம் நூற்றாண்டிலே கொட்டன் மேதர் என்ற புகழ்பெற்ற போதகர் பன்னிரண்டு வயதளவில் ஹாவார்டில் சேர்ந்தவர். கூடுதலாகப் படித்திருந்தவரை நேரே இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் அமர்த்துவதும் உண்டு.

பின்னாளில் அமெரிக்காவின் ஆறாவது ஜனாதிபதியான ஜோன் குவின்சி அடம்ஸின் கதை இதற்கு நல்ல சான்று. இராஜதந்திரியான தந்தையோடு ஐரோப்பாவுக்குச் சென்ற அவர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார். பதினான்கு வயதில் ரஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதருக்குச் செயலாளராக இருந்தார். பல மொழிகளும் பல தலைநகரங்களும் அறிந்த அந்த இளைஞர் 1785இல் நாடு திரும்பி ஹாவார்டின் கதவைத் தட்டியபோது, கல்லூரித் தலைவர் ஜோசப் வில்லர்ட் அவரை உடனே ஏற்கவில்லை. கிரேக்கமும் இலத்தீனும் இன்னும் தேற வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். உறவினர் வீட்டில் தங்கிச் சில மாதங்கள் படித்த பின்னர், 1786 மார்ச்சில் மூன்றாம் ஆண்டு மாணவராக ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1787இல் பட்டம் பெற்றார். இன்றைய படிவத்தில் அவர் எந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பார்? அன்றைக்குக் கட்டமே இல்லை. ஆளைப் பார்த்து, சோதித்து, இடம் கொடுத்தார்கள்.

இந்த மரபிலே படித்தவர்கள்தாம் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார். டார்ட்மத் கல்லூரியின் பட்டதாரியான டானியல் பூவர் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, நியூ இங்கிலாந்துக் கல்லூரியொன்றின் பாடத்திட்டத்தைத் தமிழோடும் சமஸ்கிருதத்தோடும் சேர்த்துக் கற்பித்த இடம். மிஷனரிமார் அதனைக் கல்லூரி என்ற பெயரிலேயே அமைக்க விரும்பி, அவ்வாண்டிலேயே திட்டமொன்றை அச்சிட்டு வெளியிட்டனர். பிரித்தானிய ஆளுநரின் ஆதரவு கிட்டவில்லை. பட்டம் வழங்கும் உரிமையும் இல்லை. கணிதமும் வானியலும் கற்பித்தும் பெயரளவில் அது செமினரியாகவே இருந்து 1855இல் மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதலாவது பி.ஏ. பரீட்சையிற் சித்தியடைந்த இருவரும் வட்டுக்கோட்டையில் உருவானவர்களே: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து ஆற்றிய பணி தமிழுலகம் அறிந்தது. வட்டுக்கோட்டையிற் கற்ற கல்விக்குப் பெயர் என்ன என்று சென்னை கேட்கவில்லை. பரீட்சை வைத்தது, அவர்கள் தேறினார்கள்.

சென்னை அவ்வாறு செய்ய முடிந்ததற்குக் காரணம், அது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிப் பரீட்சை நடத்தும் நிறுவனமாகப் பிறந்தமைதான். நாமும் அந்த வழியில் வந்தவர்களே. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, லண்டனின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கே மாணவரைத் தயார்செய்தது. எங்கே படித்தாய், எத்தனை மணித்தியாலம் வகுப்பில் இருந்தாய் என்பதற்கு அங்கே இடமில்லை. பரீட்சை மண்டபத்தில் என்ன எழுதினாய் என்பதே கணக்கு. அமெரிக்கா வேறு வழியிற் போயிற்று. 1869இல் ஹாவார்டின் தலைவராகிய சார்ள்ஸ் எலியட், மாணவர் பாடங்களைத் தாமே தெரிவுசெய்யும் முறையைப் பரப்பினார். அதன்பின் பட்டம் என்பது ஒரு பெரும் பரீட்சையாக இல்லாமல், பாடம் பாடமாகச் சேர்த்து வைக்கும் சேமிப்பாக மாறியது. கிரெடிட் என்ற சொல்லே வங்கிக் கணக்கை நினைவூட்டுவது. சேமிப்பு என்று வந்துவிட்டால், ஒரு வங்கியில் இட்டதை இன்னொரு வங்கி ஏற்குமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகள் பெரிய குழப்பத்தில் இருந்தன. உயர்நிலைப் பாடசாலைகள் குறைவாக இருந்தபடியால், பல கல்லூரிகள் தமக்கென ஆயத்த வகுப்புகளை நடத்தின. ஒரே வளவுக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பட்டப்படிப்பு மாணவனும் திரிந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-71இல் ஒரு வழி கண்டது. பேராசிரியர்கள் சென்று பார்த்துத் தரமானதென ஒப்புக்கொண்ட பாடசாலையின் மாணவருக்குத் தனிப் பரீட்சை தேவையில்லை என்றது. கிழக்கிலுள்ள கல்லூரிகள் ஒன்றுகூடிப் பொதுப் பரீட்சைச் சபையொன்றை நிறுவின. 1901இல் நடந்த அதன் முதற் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 973 பேர்.

இக்காலகட்டத்தின் மிகவும் சுவையான மனிதர் வில்லியம் ரெய்னி ஹாப்பர். ஒஹையோ மாநிலத்தின் நியூ கொன்கோர்ட் என்ற சிற்றூரில் 1856இல் பிறந்தவர். பத்து வயதில் உள்ளூர் மஸ்கிங்கம் கல்லூரியில் சேர்ந்து பதினான்கு வயதிற் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு விழாவில் ஹீப்ரு மொழியில் உரை நிகழ்த்தினார். பதினெட்டு வயதில் யேல் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம். எல்லைக்கோடு இல்லாத உலகில் வளர்ந்த அந்த மனிதரே, ரொக்பெல்லரின் பணத்தில் எழுந்து 1892இல் வகுப்புகளைத் தொடங்கிய சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவராகிப் புதியதொரு கோட்டை வரைந்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

பட்டப்படிப்பின் நான்கு ஆண்டுகளை ஹாப்பர் இரண்டாகப் பிளந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் கனிஷ்ட கல்லூரி, பின்னைய இரண்டும் சிரேஷ்ட கல்லூரி. ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்ட அவருக்கு, முதல் இரண்டு ஆண்டுகளின் படிப்பு உண்மையிற் பாடசாலைப் படிப்பே. ஜேர்மனியில் அதனை ஜிம்னாசியம் என்ற பாடசாலையே முடித்துவிடுகின்றது. பல்கலைக்கழகத்தின் வேலை ஆராய்ச்சி. கனிஷ்ட கல்லூரியோடு நின்றுகொள்ள விரும்புவோர் வெறுங்கையோடு போகாதிருக்க ஈராண்டுப் பட்டமொன்றை 1900 முதல் வழங்கினார். இன்று சமுதாயக் கல்லூரிகள் தரும் அசோஷியேட் பட்டத்தின் அமெரிக்க மூலம் இதுவே. பதினேழு வயதுப் பிள்ளைகள் இன்று மேடையேறி வாங்கும் பட்டமும் இதுவே.

சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள ஜோலியட் நகரின் உயர்நிலைப் பாடசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். ஹாப்பரின் யோசனையை ஏற்று, 1901இல் தன் பாடசாலைக் கட்டடத்திலேயே, பாடசாலையை முடித்தவர்களுக்கு மேலதிக இரண்டு ஆண்டுகளின் கல்லூரிப் பாடங்களைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்தவர்கள் ஆறு பேர். இன்றுவரை தொடர்ந்து இயங்கும் அமெரிக்கப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்ததான ஜோலியட் கனிஷ்ட கல்லூரி இவ்வாறுதான் பிறந்தது. அதாவது, சமுதாயக் கல்லூரி என்பதே பாடசாலையின் கருவிலிருந்து வந்த பிள்ளை. இன்றைக்குப் பாடசாலைப் பிள்ளை கல்லூரிக்குப் போகின்றது என்று வியக்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் கல்லூரிதான் பாடசாலைக்குள் இருந்தது.

கோட்டை நிரந்தரமாக்கியது எது என்று தேடினால் வாசகர்கள் வியப்பர். அது ஓர் ஓய்வூதியத் திட்டம். 1905இல் உருக்குச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவென ஒரு கோடி டொலரை ஒதுக்கினார். பணம் வந்ததும் கேள்வியும் வந்தது. கல்லூரி என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிய நாட்டில், எந்த நிறுவனத்தின் ஆசிரியர் பேராசிரியர்? அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி பிரிட்செட் விதிகளை வகுத்தார். குறைந்தது ஆறு பேராசிரியர்கள், நான்கு ஆண்டுப் பாடநெறி, அத்துடன் சேரும் மாணவர் நான்கு ஆண்டு உயர்நிலைக் கல்வியை முடித்திருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டை அளப்பது எப்படி? 14 அலகுகள், ஓர் அலகு என்பது ஒரு பாடத்தை ஏறத்தாழ 120 மணித்தியாலம் வகுப்பில் இருந்து கற்பது. ஓய்வூதியத்தை இழக்க எந்தக் கல்லூரி விரும்பும்? சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் கல்லூரிகளும் அவற்றைப் பார்த்துப் பாடசாலைகளும் இந்த அளவுகோலுக்குத் தம்மை மாற்றிக்கொண்டன. கற்றது என்ன என்பதை விட்டு, கதிரையில் இருந்த நேரத்தை அளக்கும் முறை இவ்வாறு நிலைபெற்றது. பேராசிரியர்களின் முதுமைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு பிள்ளைகளின் இளமையை அளக்கும் கோலாயிற்று.

இனி மாற்றல் மாணவரின் பிறப்பிடம். கலிபோர்னியா பரந்த மாநிலம். நடுப் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பம் பிள்ளையைப் பேர்க்கிலிக்கு அனுப்பித் தங்கவைத்துப் படிப்பிப்பது இலகுவன்று. 1907இல் செனட்டர் அன்ரனி கமினெட்டி கொண்டுவந்த சட்டம், உயர்நிலைப் பாடசாலைகள் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்த இடமளித்தது. 1910இல் பிரெஸ்னோ நகரம் முதலிற் பயன்படுத்திக்கொண்டது. ஊரிலேயே இரண்டு ஆண்டு படித்து, மூன்றாம் ஆண்டிற் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்ற வழி திறந்தது. பேர்க்கிலியின் பேராசிரியர்களுக்கும் இது ஏற்புடையதாகவே இருந்தது. கீழ் வகுப்புச் சுமை ஊரோடு நின்றுவிடும் அல்லவா? 1921இல் தனியான கனிஷ்ட கல்லூரி மாவட்டங்களுக்குச் சட்டம் வந்தது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பிரபலமாக்கியது.

1960இல் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய கலிபோர்னியாவின் உயர்கல்விப் பெருந்திட்டம் இரண்டு வாசல்களுக்கும் நிலைக்கதவு போட்டது. பாடசாலை முடித்தவர்களுள் முதல் 12.5 சதவீதத்தினருக்குள் வருபவருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றிலொரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், ஏனைய எல்லோருக்கும் கனிஷ்ட கல்லூரி. அங்கிருந்து தேறியவருக்கு மூன்றாம் ஆண்டில் மாற்றல். பல்கலைக்கழகத்தின் பட்டதாரி மாணவருள் மேல் இரண்டு ஆண்டுகளில் 60 பங்கும் கீழ் இரண்டு ஆண்டுகளில் 40 பங்கும் இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டனர். இத்திட்டத்தின் மனத்தில் இரண்டு வகைப் பிள்ளைகளே இருந்தனர். பதினெட்டு வயதில் நேரே வருபவர் ஒருவர். வசதியோ புள்ளியோ போதாமல் சுற்றுவழியாக வருபவர் மற்றவர். இரண்டு வழியிலும் ஒரே வேளையில் நடக்கும் மூன்றாமவர் அங்கே எண்ணப்படவில்லை.

அந்த மூன்றாமவர் அப்போதும் இல்லாமற் போகவில்லை. சிக்காகோவிலே ஹாப்பருக்குப் பின்னர் வந்த ரொபேர்ட் ஹட்சின்ஸ், உயர்நிலைப் பாடசாலையின் இரண்டு ஆண்டுகளை முடித்த பிள்ளைகளை நேரே கல்லூரியிற் சேர்த்தார். டி.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வொட்சன், 1943இல் பதினைந்து வயதில் இவ்வாறு சேர்ந்தவரே. 1951இல் ஹட்சின்ஸ் பதவி விலகிய பின்னர் அம்முயற்சி கரைந்துபோயிற்று. ஏனைய பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டத்தைச் சமமானதாக மதிக்கத் தயங்கியமை காரணங்களுள் ஒன்று. போர்க்காலத்தில் மாணவர் தொகை குறைந்த அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி, பாடசாலையை முடிக்காத கெட்டிக்காரப் பிள்ளைகளை ஏற்றது. 1944இல் அவ்வாறு பதினைந்து வயதிற் சேர்ந்த ஒருவரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். பன்னிரண்டாம் வகுப்பை அவர் படித்ததேயில்லை.

இவை தனி முயற்சிகள். இன்றைய இரட்டைப் பதிவின் நேரடி முன்னோடி, 1955இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் பாடங்களை உயர்நிலைப் பாடசாலைகளிலேயே கற்பிக்கச் செய்த ஏற்பாடு. கெட்டிக்காரர்களுக்கான வசதி அது. இதற்கு நேர் எதிரான நோக்கத்துடன் 1974இல் நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜெனட் லீபர்மன் என்ற கல்வியாளர் லகார்டியா சமுதாயக் கல்லூரியின் வளவுக்குள் ஒரு பாடசாலையைத் திறந்தார். படிப்பை இடையில் விட்டுவிடுவார்கள் என அஞ்சப்பட்ட பிள்ளைகளுக்கான பாடசாலை. கல்லூரி மாணவரோடு ஒரே வாசலால் நாள்தோறும் போய்வந்தால், தாமும் அங்கே உரியவர்கள் என்ற எண்ணம் பிறக்கும் என்பது அவரது நம்பிக்கை. எனது பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் மதிக்கத்தக்க யோசனை இதுவே. பிந்தங்கிய பிள்ளைக்கு இன்னும் இலகுவான பாடத்தைக் கொடுப்பதே உலகெங்கும் வழக்கம். லீபர்மன் கடினமான பாடத்தைக் கொடுத்தார்.

1985இல் மினசோட்டா மாநிலத்தில் ஆளுநர் ரூடி பேர்பிச் கொண்டுவந்த சட்டம் இதனை மாணவரின் உரிமையாக்கியது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கல்லூரியிற் படிக்கலாம். கட்டணத்தை மாநிலம் கட்டும். பாடசாலைக்குப் போகவேண்டிய பணத்தின் ஒரு பகுதி மாணவரின் பின்னாற் போகும். பாடசாலை நிர்வாகங்கள் எதிர்த்தமைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 1990இல் வாஷிங்டன் மாநிலமும் இத்தகைய சட்டத்தை இயற்றியது. 2002 முதல் கேட்ஸ் அறக்கட்டளை முதலானவற்றின் நிதியில் ஆரம்பக் கல்லூரிப் பாடசாலைகள் பெருகின. 2002-03 கல்வியாண்டில் ஏறக்குறைய 813,000 ஆக இருந்த இரட்டைப் பதிவு மாணவர் தொகை, 2022-23இல் ஏறத்தாழ 25 இலட்சத்தை எட்டியது. சமுதாயக் கல்லூரிகளில் அவ்வாண்டு இருந்தவர்களுள் ஐவரில் ஒருவர் பாடசாலைப் பிள்ளை.

ஆக, 1960இல் எண்ணப்படாத மூன்றாமவர் இன்று இலட்சக்கணக்கில் வாசலில் நிற்கின்றார். பல்கலைக்கழகங்கள் மூன்றாவது வாசலொன்றைத் திறக்கவில்லை. பழைய இரண்டில் ஒன்றுக்குள் அவரை அனுப்பின. கார்னெகியின் காலத்துக் கோடே அதற்கும் பயன்பட்டது: நான்கு ஆண்டுப் பாடசாலை முடியும்வரை பிள்ளை பாடசாலைக்கு உரியது, அதற்குள் செய்த எதுவும் ஆயத்தமே.

மாணவருக்கு இதில் நன்மை இல்லாமல் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் பெரிய புலமைப்பரிசில்களும் விடுதி இடமும் புதுமுக மாணவருக்கே முதலிற் கிடைக்கின்றன. மாற்றல் மாணவருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கேட்கும் 60 கிரெடிட்களையும் துறைக்குரிய முன்பாடங்களையும் இவர் முடித்திருக்கத் தேவையில்லை. முதலாம் ஆண்டிலே ஒத்த வயதினரோடு சேர்வதும் சிறிய காரியமன்று. பதினேழு வயதுப் பிள்ளையை இருபது வயதினர் நிறைந்த மூன்றாம் ஆண்டு வகுப்பில் தனியே அமர்த்துவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

ஆனால் சேர்த்த கிரெடிட்களுக்கு என்ன நடக்கின்றது என்பதிலேதான் பெற்றோர் ஏமாறுகின்றனர். புதுமுக மாணவராக ஏற்கப்படுவது ஒன்று. கிரெடிட் ஏற்கப்படுவது இன்னொன்று. ஏற்கப்பட்ட கிரெடிட் பட்டத்தைச் சுருக்குவது மூன்றாவது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரியின் பாடத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றது. கடும் போட்டியுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பாடசாலைச் சான்றிதழுக்காகக் கணக்கிடப்பட்ட பாடத்துக்கும் பாடசாலைக் கட்டடத்திலே பாடசாலை ஆசிரியர் நடத்திய பாடத்துக்கும் கிரெடிட் தருவதில்லை. ஏற்கப்பட்ட 60 கிரெடிட்களும் விருப்பப் பாடங்களாக ஒதுங்கிவிட, பொறியியல் மாணவர் முழுதாக நான்கு ஆண்டும் படிக்க நேர்வதுண்டு. இரண்டு ஆண்டுக் கட்டணம் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பிள்ளையின் விளையாட்டையும் விடுமுறையையும் பறித்த வீடுகளில் இச்செய்தி இடியாக இறங்குகின்றது. எமது சமூகத்தில் ரியூட்டரி வாசலிற் பிள்ளையை மாலை முழுதும் நிறுத்திவைத்த பழக்கம் கடல் கடந்தும் தொடர்கின்றது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு விடயம் இதனிலும் பாரதூரமானது. கல்லூரியின் பெறுபேற்றுப் பதிவேடு அழியாதது. பாடசாலைப் புள்ளி பல்கலைக்கழகத்தில் நுழைந்ததோடு மறக்கப்படும். பதினைந்து வயதில் இரசாயனவியலில் எடுத்த சி தரமோ அப்படியன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறை, பாடசாலைக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, அவற்றையும் புள்ளிச் சராசரியிற் சேர்க்கின்றது. நுழைவு வாசலிலே அப்பாடங்கள் ஆயத்தமாகக் கருதப்பட்டன; ஏழாண்டு கழித்து அதே பாடங்கள் முழுமையான கல்லூரிப் பாடங்களாக எழுந்து வருகின்றன. பிள்ளையை டொக்டராக்கும் கனவோடு ஒன்பதாம் வகுப்பிலேயே கல்லூரிக்கு விரட்டும் பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

1970களின் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கண்ட எம்மவருக்கு, பல்கலைக்கழகப் படிவத்தில் உள்ள ஒரு வகைப்பாடு ஓர் இளைஞரின் வாழ்வை எங்கே கொண்டுசென்று நிறுத்தும் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றென நான் சொல்லவில்லை. அங்கே அரசியல் இருந்தது. இங்கே நிர்வாகப் பழக்கம் இருக்கின்றது. ஆயினும், பழக்கத்தின் விளைவுகளும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. லீபர்மன் பிந்தங்கியோருக்காகத் திறந்த வழியிலே இன்று கறுப்பின, ஹிஸ்பானிய மாணவரின் பங்கு அவர்களது தொகைக்குக் குறைவாகவே உள்ளது. பாடசாலை மாணவருக்குச் சமஷ்டி அரசின் பெல் உதவிப்பணம் பொதுவாகக் கிடையாது. 2016இல் ஒபாமா நிர்வாகம் 44 கல்லூரிகளைத் தெரிந்து அதனைப் பரீட்சார்த்தமாக வழங்கிப் பார்த்தமை ஒரு விதிவிலக்கு. மாநிலம் கட்டணத்தைக் கட்டாத இடங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையே கிரெடிட் சேர்க்கின்றது.

விதியை அறியாதவர் இடறுவது பெரும்பாலும் பாடசாலை முடிந்த பின்னர்தான். ஜூனில் பாடசாலை முடிகின்றது. விரும்பிய பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம், அதுவரை சும்மா இருப்பானேன் என்று செப்டெம்பரில் பழைய சமுதாயக் கல்லூரியிலே ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுக்கின்றார் பிள்ளை. கோடை விடுமுறையில் அதே பாடத்தை எடுத்திருந்தால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபமில்லை. வழமையான தவணையில் எடுத்தபடியால் அவர் மாற்றல் மாணவராகிவிடுகின்றார். புதுமுக வாசல் மூடப்படுகின்றது. மூன்றாம் ஆண்டுக்குரிய தகுதி நிறைந்த பின்னரே மற்ற வாசலிற் போய் நிற்கலாம். எந்த வாசலாற் போனாலும், படித்த கல்லூரி ஒவ்வொன்றின் பெயரையும் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். பதினான்கு வயதில் ஒரு பாடத்துக்குப் பதிந்து இடையில் விட்டுவிட்ட கல்லூரியும் அந்தப் பட்டியலில் அடங்கும்.